முன்சில்லுக்கு எந்தக் கிரீஸ்?

முசலி

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் றஊப் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும், என் தங்கையும் உங்கள் மனைவியுமான ஸுஹறாவும், உங்கள் மகள் ஸஹ்றாவும் சுகம். கத்தார் வெயிலிலும் தங்களை அல்லாஹ் குளிர்ச்சியாக வைத்திருக்கட்டும். தங்கள் பிக்கப்பும் சுகம் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் இடையில் கத்துவீர்கள் என்பதால்தான் கடிதம்.

ஸஹ்றாவைப் பெண் பார்க்க, பேசிவைத்த மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் றசாக் ஹாஜியார் முருங்கனிலிருந்து வருவதாக இருந்தது. அவரை நம் வாகனத்தில் கூட்டி வருவதுதான் மரியாதை என்று ஸுஹறா சொல்லிவிட்டாள். பிக்கப்போ வயதானது, இடது முன்சில்லில் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பெயாரிங்கில் கிரீஸ் காய்ந்துவிட்டது என்று நானே கண்டுபிடித்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கிரீஸுக்கு முன் கேள்விகளைத் தந்தார். "டிஸ்க் பிறேக்கா? தூர ஓட்டமா? தண்ணிக்குள்ள இறங்குமா?" பாஸ்போர்ட் கந்தோரில்கூட என்னை இப்படிக் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். "அப்ப சூடு தாங்கிறதுதான் வேணும்" என்று ஒரு நீல டின்னை நீட்டினார். வீட்டுக்கு வந்தால் வள்ளக்கார றெனால்ட் அதைப் பார்த்துச் சிரிக்கிறான். "உப்புக் காத்துக்கு இது நிக்காது நானா. வள்ளத்துக்குப் போடுற கிரீஸ் தாறன், கடலே அதைக் கழுவேலாது" என்று சிரட்டை நிறையக் கொண்டுவந்தான். யாருடைய மனதை மச்சான் நான் நோகடிப்பது? இரண்டையும் பூசினேன். பழைய கிரீஸையும் வீணாக்காமல் உள்ளேயே விட்டேன். "மாமா, பழசைக் கழுவிப்போட்டுத்தான் புதுசு வைக்கோணும், ரெண்டு வகையைக் கலந்தா இளகி ஓடிடும்" என்று ஸஹ்றா குசினிக்குள் இருந்து கத்தினாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முருங்கனில் ஹாஜியார் பிஸ்மி சொல்லி முன் சீற்றில் ஏறினார். பாதி வழியில், "எங்கயோ மீன் சுடுறாங்க போல" என்றார். ஓம் என்றேன். புகை நம் சில்லிலிருந்து வந்தது. கிரீஸ் உருகி, ரப்பர் சீல் வளையத்தைத் தாண்டி, பிறேக்குக்குள் இறங்கியிருக்கிறது. வீட்டு வாசலில் பிறேக்கை மிதித்தேன். வீடு பின்னால் போய்விட்டது, பிக்கப் நிற்கவில்லை. பக்கத்து வளவின் ஓலை வேலிக்குள் புகுந்து கோழிக்கூட்டில் முட்டித்தான் நின்றோம். ஹாஜியாரின் மடியில் ஒரு சேவல்.

அவர் சேவலை இறக்கிவிட்டு, தொப்பியைச் சரிசெய்து, "என்ன கிரீஸ் போட்டனீங்க?" என்றார். சம்பந்தம் போச்சு என்று ஸுஹறா அழத் தொடங்கினாள். அப்போது ஸஹ்றா ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் மண்ணெண்ணெயுமாக வந்து, "அப்பவே சொன்னனான் மாமா!" என்றாள். ஹாஜியார் அவளைப் பார்த்தபடியே சாரத்தை மடித்துக் கட்டினார். அவரிடமும் இதே வயதில் ஒரு பிக்கப் இருக்கிறதாம். இருவரும் பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, நீல டின் கிரீஸை மட்டும் உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஏற்றினார்கள். நான் சும்மா நிற்காமல் கோழிகளைப் பிடித்தேன். "என்ட மகனுக்கு இந்தப் பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டுத்தான் ஹாஜியார் கை கழுவினார்.

ஆகவே மச்சான், சந்தோசமாக ரிக்கெற் போடுங்கள். உங்கள் பயணம் சுகமாகவும், பிக்கப்பைப் பார்க்கும்போது உங்கள் மனம் பொறுமையாகவும் இருக்க துஆச் செய்யும்,
சாஹுல் ஹமீட்

பி.கு.: ரிக்கெற் போட வேண்டாம். இப்போதுதான் மாப்பிள்ளை ஜுனைட் போனில் ஸஹ்றாவோடு கதைத்தான். சில்லுக்கு எந்தக் கிரீஸ் நல்லது என்று அவள் கேட்டிருக்கிறாள். "எல்லாம் ஒண்டுதானே" என்றானாம். "மாமா, குடும்பத்துக்கு நீங்க ஒராள் காணும், இன்னொராள் வேணாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். ஹாஜியார் மட்டும் பின்சில்லைப் பார்க்க நாளைக்கும் வருகிறார்.