அருள்நாயகம் ட்ரக்கை உயர்த்தினார்

இனி ஒரு சனிக்கிழமையையும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அருள்நாயகம் முடிவெடுத்தார். மனைவி புனிதவதி வந்து காலில் விழுந்தாலும் சரி. அவள் காலில் விழுகிற ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

கொதிப்புக்குக் காரணம் இருந்தது. அவரிடம் எழுபத்தொன்பதாம் ஆண்டு பிக்கப் ட்ரக் ஒன்று நின்றது. ஆறு பேர் இருக்கலாம், பின்னால் ஒரு வீட்டையே ஏற்றலாம். ஏற்றினார்கள்! கிழமை முழுக்கத் தொழிற்சாலையில் மாரடித்துவிட்டு, சனிக்கிழமை நண்பன் ஸ்ரீதரன் வீட்டில் சீட்டுக்கட்டோடு இருந்து காட்ஸ் விளையாட அவர் சாவியை எடுப்பார். எடுத்துக்கொண்டு வந்தால், புனிதவதியும் அவளுடைய அக்கா ஜெயமலரும் முன்சீற்றில் ஏறி இருப்பார்கள். மார்க்கம் நகரில் சோபா, மோர்னிங்சைட்டில் அரிசி மூட்டை, விட்பியில் யாரோ வீடு மாறுகிறார்கள். அவருடைய காட்ஸை மட்டும் யாரும் ஏற்றவில்லை.

தேய்ந்த டயர்தான் வழி காட்டியது. பழைய சக்கரச் சில்லின் குறுக்களவு பதினாறரை இஞ்சி. அந்த அளவில் டயர் கிடைப்பது அருமையாகிவிட்டது, பதினாறு இஞ்சி றிம்முக்கு மாறுங்கள் என்றார் கடைக்காரர். அருள்நாயகம் மாறினார். ஆனால் அந்த றிம்முக்குப் பூட்டக்கூடியதிலேயே உயரமான டயரைக் கேட்டு வாங்கினார். டயர் உரசாமல் இருக்க ஸ்பிரிங்குக்குக் கட்டையும் வைத்தார். கதவின் அடி புனிதவதியின் இடுப்புக்கு வந்தது.

"என்னப்பா உது? பதினாறரையைக் கழட்டிப் பதினாறு பூட்டினால் வாகனம் பதியவெல்லோ வேணும்? இது மேலை போகுது!"

"றிம் சின்னன், டயர் பெரிசு. உமக்கு உது விளங்காது."

"நான் எப்பிடி ஏறுறது?"

"அதுதான் எனக்கும் கவலை," என்று முகத்தைத் தொங்கப்போட்டார். உள்ளுக்குள் மேளம் அடித்தது.

"அப்ப அக்கா?"

"பாவம், அவவும் ஏறேலாது. பஸ்ஸிலை போங்கோவன்."

புனிதவதி சண்டை பிடிக்கவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

"சரி, விடுங்கோ. புதுச் சில்லு, எலுமிச்சங்காய் நசிக்காமல் ஓடக் கூடாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வாங்கோ. நான் பஸ்ஸிலை வாறன்."

கோயில் வாசலில் நாலு சில்லும் நாலு எலுமிச்சங்காயை நசித்தன. ஐயர் சந்தனம் வைத்தார். கோயில் தலைவர் ட்ரக்கை ஒருதரம் சுற்றி வந்தார்.

"தம்பி, நல்ல உயரம்! உங்கடை மனிசி சொன்னவ. புரட்டாதியிலை வாற அஞ்சு சனிக்கும் சாமியை இதிலை எழுந்தருளப் பண்ணினால் எல்லாருக்கும் வடிவாத் தெரியும். ட்ரக்கும் நீங்கள், ஓட்டமும் நீங்கள்."

ஏலாது என்று சொல்ல அருள்நாயகம் வாயைத் திறந்தார். ஐயர் தீர்த்தத்தை நீட்டினார். அவர் குடித்து முடிப்பதற்குள் ஒலிபெருக்கியில் அவருடைய பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து குதித்தார். "சரி, அஞ்சு சனி சாமிக்குக் குடுக்கிறன். ஆறாவது சனி நான் ஒருத்தருக்கும் இல்லை! நீரும் ஏறேலாது, உம்மடை அக்காவும் ஏறேலாது. சில்லைக் கழட்டவே மாட்டன்!"

"ஆர் கழட்டச் சொன்னது? நிக்கட்டும்," என்றாள் புனிதவதி.

ஐயர் ஏறுவதற்கென்று கோயிலார் ட்ரக்கின் இரண்டு பக்கமும் மூன்று படி வைத்து, பிடிக்கக் கம்பியும் போட்டுத் தந்தார்கள். அருள்நாயகம் ஐந்து சனியும் வேட்டியோடும் வெறுங்காலோடும் ஆமை வேகத்தில் ஓட்டினார். எல்லாம் ஆறாவது சனிக்காகத்தான்.

ஆறாவது சனி விடிந்தது. முதலில் படிகளைக் கழற்ற வேண்டும். ஸ்பனரோடு போய்க் குனிந்து நட்டைத் தேடினார். நட் இல்லை. மற்றப் பக்கம் போனார். அங்கேயும் இல்லை. எல்லாம் வெல்டிங்.

"ஆரப்பா இதை ஒட்டினது?" என்று கத்தினார்.

"நான்தான் ஒட்டச் சொன்னனான். ஐயர் விழுந்தால் பாவமெல்லோ," என்று மேலேயிருந்து குரல் வந்தது.

நிமிர்ந்தார். புனிதவதி முன்சீற்றில் இருந்தாள். ஜெயமலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது படியில் நின்றாள்.

"கழட்டாமல் விடுவனோ!" என்று அருள்நாயகம் ஸ்பனரை ஓங்கினார்.

"அதைக் கையோடை கொண்டு வாங்கோ," என்றாள் புனிதவதி, "விட்பியிலை அக்காவின்ரை கட்டில் கழட்ட வேணும்."