மாமாவுக்கு நான்தான் கங்காணி

மலாக்காத் தோட்டங்களில் மீசை முறுக்கிய கங்காணி, குடை பிடித்த கங்காணி எல்லாரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மூக்கொழுகும் கங்காணிக்குக் கைகட்டி நின்ற ஒரே மனுஷன் எங்கள் பெரட்டு மாமாதான். அவருக்கு ஜோடி இந்த உலகத்திலேயே கிடையாது.

புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில்தான் எங்களுக்குப் பிழைப்பு. விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பேர். மாமாவோ அதற்கும் முன்னால் தன் வீட்டு வாசலில் ஒரு பெரட்டு வைப்பார். தகர மூடியைத் தட்டுவார். அவர் மகன் காத்தானும் பக்கத்து வீட்டுப் பிள்ளையான நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்போம். எங்களில் ஒருவர் தலையில் தன் சிவப்புத் துண்டைக் கட்டிவிடுவார். அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் வீட்டுக் கங்காணி. அது சொன்னதை மாமாவும் கேட்பார். ஆனால் கங்காணி கடைசியாகத்தான் சாப்பிட வேண்டும். வீட்டில் யார் தப்புச் செய்தாலும் பழி கங்காணிக்குத்தான்.

ஒருநாள் காத்தான் அவரை நொண்டியடித்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். வாளியோடு நொண்டினாரே மனுஷன்! வரிசை வீடுகளாய் இருந்த எங்கள் லயமே சிரித்தது.

“என்னா பெரட்டு, கால்ல முள்ளா?”

“இல்லக்கா, மேலிடத்து உத்தரவு!”

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். “பிள்ளைங்களுக்கு நல்லது சொல்லிக் குடுக்கிற லட்சணமா இது?”

“சொல்லிக் குடுத்தா மறந்துரும்டி. பசியோட நின்னு ஆளட்டும், ஒடம்புல ஒட்டும்.”

ஒருநாள் துண்டு என் தலைக்கு வந்தது. எனக்கு அப்போது ஐந்து வயசிருக்கும். பார்த்தால் மாமாவுக்குக் குளிர்காய்ச்சல். பல் கிட்டிக்க, பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். இன்னொரு நாள் வேலைக்கு வராவிட்டால் லயத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்று தோட்டத்துப் பெரிய கங்காணி அவரை மிரட்டி வைத்திருந்தார்.

“மாமா, போவக்கூடாது. படுங்க!” என்றேன்.

என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். “சரிங்க கங்காணி” என்று படுத்துவிட்டார்! அத்தை புலம்பிக்கொண்டே வேலைக்குப் போனாள்.

வெயில் ஏறுவதற்குள் பெரிய கங்காணி வந்துவிட்டார்.

“எங்கடா அந்தப் பெரட்டு?”

கண்ணை மறைத்த துண்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றேன். “நான்தான் கங்காணி. படுக்கச் சொன்னது நானு. எங்கிட்ட பேசுங்க.”

“ஓகோ! அப்ப வீட்ட விட்டு யாரு போறது?”

“நான்தான்.” பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். “எந்தப் பக்கம் போவணும்யா?”

உள்ளே மாமாவின் கட்டில் தடதடவென்று ஆடுகிறது. வாய் மட்டும் திறக்கவில்லை. கங்காணி பேசும்போது குறுக்கே பேசக்கூடாதே!

பெரியவரின் மீசை துடித்தது. “கஞ்சி குடிச்சியா?”

“மாமா இன்னும் குடிக்கல. நான் கடைசியாத்தான் குடிக்கணும்.”

“பாயக் கீழ போடு தாயி” என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் மருந்துப் பெட்டியோடு தோட்டத்து டிரெஸர் வந்தார். லயத்தைப் பற்றிய பேச்சே பிறகு எழவில்லை.

நான் அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது சாயங்காலம். மாமாவுக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது. ஆனாலும் படுத்தே கிடக்கிறார்.

“எந்திரிச்சுக் கஞ்சி குடின்னா கேக்க மாட்டேங்கிறாரு” என்று அத்தை கத்துகிறாள்.

மாமா என்னைப் பார்த்தார். “கங்காணி, எந்திரிக்கலாங்களா?”

“எந்திரிங்க மாமா” என்றேன். துள்ளி எழுந்தார்!

பல வருஷம் கழித்து, நான் லூபோக் சீனா என்ற ஊரில் குடித்தனம் செய்தபோது ஆள் வந்து சேதி சொன்னது. ஓடினேன். அதே சிவப்புத் துண்டைப் போர்த்தி மாமாவைக் கிடத்தியிருந்தார்கள். குனிந்து காதோரம், “எந்திரிங்க மாமா” என்றேன்.

அந்த ஒரு தடவைதான் மாமா என் பேச்சைக் கேட்கவில்லை.