பேர் சொல்லாமல் வாங்கிய வேலை

தாராவி, மும்பை

அன்பு மருமகன் வெங்கடேஷுக்கு மாமா வெயிலுமுத்து ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை முப்பிடாதியம்மாளும் சுகம். குழாயில் தண்ணீரும் வருகிறது. அங்கு உன் அப்பாவின் முட்டிவலியும் கோபமும் குறைந்திருக்கும் என நம்புகிறேன். போனில் சொன்னால் அவர் குறுக்கே பேசுவார், அதனால்தான் கடிதம். அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டவும்.

"இந்த வயசில அக்காளுக்கு எதுக்கு இங்கிலீசு?" என்று கேட்டாரே, அதற்குப் பதில் இது. வாஷியில் ஒரு ஆபீசில் குனிந்து தரை துடைத்தே இடுப்பு போன உன் அத்தைக்கு, அங்கேயே சூப்பர்வைசராக ஒரு வாய்ப்பு வந்தது. ஆனால் டெஸ்ட் உண்டு. சூப்பர்வைசர் இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுத வேண்டும். அதில் 'நான் தரையைத் துடைத்தேன்' என்று எழுதக் கூடாதாம், 'தரை துடைக்கப்பட்டது' என்றுதான் எழுத வேண்டுமாம். ஆக்டிவ், பேசிவ் என்று பெயர். நான் ஏழாம் வகுப்போடு நின்றேனே தவிர என் அறிவு நிற்கவில்லை. முன்னால் நிற்கிற ஆளைக் கழுத்தைப் பிடித்துக் கடைசிக்குத் தள்ளு, திரும்பி வராமல் இருக்க ஒரு 'பை' போட்டு அடை, தீர்ந்தது விஷயம் என்று ரயிலிலேயே சொல்லிக்கொடுத்தேன். வாஷி வருவதற்குள் அந்தப் பெட்டியே பேசிவில் பேச ஆரம்பித்துவிட்டது.

டெஸ்ட் வைத்தவர் மாட்டுங்காவிலிருந்து வரும் விஜயலட்சுமி மேடம், தமிழ்க்காரர். நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். மேடம் விண்ணப்பத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டு, "வெயிலுமுத்து வாஷஸ் த வெசல்ஸ். இதை மாத்திச் சொல்லுங்கோ" என்றார்.

"வெசல்ஸ் ஆர் வாஷ்ட்" என்றாள் அத்தை.

"யாரால?"

"பை ஹிம்."

"பேரைச் சொல்லணும்மா. பேர் இல்லேன்னா மார்க் இல்லை."

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பேரை வாயால் சொல்லாதவள், ஒரு வேலைக்காகச் சொல்வாளா? மேடமும் விடவில்லை. "நாளைக்கு ஒருத்தன் கண்ணாடியை உடைச்சா, ரிப்போர்ட்ல பேர் போட மாட்டேளா?"

"உடைச்சவன் பேரப் போடுவேன் மேடம். இவுக ஒண்ணும் உடைக்கலியே!"

அவ்வளவுதான், நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "மேடம், வெசல்ஸ் ஆர் வாஷ்ட் பை மீ!" என்று முழங்கினேன். மேடம் எழுந்து நின்று கைதட்டினார், அந்த மாடி முழுக்கக் கைதட்டியது, உத்தரவைக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். என்னையும் மேனேஜராக இருக்கச் சொன்னார்கள். நான்தான் நேரமில்லை என்றேன்.

ஆக, புருஷன் பேரைச் சொல்லாமலே வேலை வாங்கியவள் அவருடைய அக்காள் என்று உன் அப்பாவிடம் சொல். திங்கட்கிழமை சேருகிறாள். அவர் அங்கே என்ன குதித்தாலும் சேருவாள்.

உனக்கு நல்ல வேலையும் நல்ல இடத்துச் சம்பந்தமும் சீக்கிரம் அமையட்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: ஏ வெங்கடேசு, அத்தை எழுதுதேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாக, பிரிச்சு வாசிச்சுட்டேன். மேடம் கேட்ட உடனே பேரச் சொல்லிட்டேன்யா. சரியா கேக்கலியோன்னு இன்னொரு தடவ சத்தமாவும் சொன்னேன். வேல வேணும்லா? ஒருத்தரும் கை தட்டல. வெயிலுமுத்து அப்போ கீழ வாட்ச்மேன் நாற்காலியில வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்கிட்டு இருந்தாக.