மாப்பிள்ளை காரின் காலைச் சத்தம்

மந்தைவெளி,
வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள்

ஸ்ரீமான் மாப்பிள்ளை கிரீஷ் அவர்களுக்கு மாமனார் கோதண்டபாணி அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. மஸ்கட்டில் நீங்களும் எங்கள் பெண் ஸ்ரீரஞ்சனியும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், உங்கள் மாமியார், ஐப்பசியில் நீங்கள் எங்களை நம்பி விட்டுப்போன கார், மூவரும் சௌக்கியம். அந்த மூன்றாவது சௌக்கியத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளை காரைக் குறை சொல்கிற குடும்பம் இல்லை இது. கார்த்திகை தாண்டிக் குளிர் விழுந்ததும் ஒருநாள் விடிகாலையில் சாவியைத் திருகினேன், தகர டப்பாவில் கொட்டைப்பாக்கைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கடகடவென்று ஒரு சத்தம், கொஞ்சம் ஓடியதும் தானே அடங்கிவிட்டது, மறுநாளும் அப்படியே, மத்தியானம் கிளப்பினால் பரமசாது, காலையில் மட்டும் இந்த ஆர்ப்பாட்டம். உங்கள் மாமியார், "கார்த்தால காப்பி கெடைக்கறவரைக்கும் மாப்பிள்ளைமாரெல்லாம் இப்படித்தான் இருப்பா, கண்டுக்காதீங்கோ" என்றாள். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னாள்.

ஆனால் எனக்கு அப்படி விட முடியவில்லை. உங்கள் அப்பா கஸ்தூரிரங்கன் வடபழனியிலிருந்து போன் பண்ணி, "ஏகாதசிக்கு நாங்க ரெண்டு பேரும் மொத நாளே உங்காத்துக்கு வந்துடறோம். விடியறச்சே கிரீஷ் கார்லயே திருவல்லிக்கேணி போயிடலாம்" என்று சொல்லிவிட்டார். பையன் ஆசையாக வாங்கின காரைப் பெண் வீட்டார் இரண்டே மாதத்தில் பாழாக்கிவிட்டார்கள் என்று சம்பந்தி ஒரு வார்த்தை சொன்னால், நான் எந்த முகத்தோடு சொர்க்கவாசலில் நுழைவது?

மாடியில் குடியிருக்கும் மாணிக்கவாசகம், ஜன்மத்தில் ஒரு சைக்கிள்கூட வைத்துக்கொண்டதில்லை, படியில் நின்றபடியே காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஆயில் நீர்த்துப் போச்சு சார். கெட்டியா ஊத்துங்க, சத்தம் அமுங்கிடும்" என்றார். சாம்பார் நீர்த்தால் மாவு கரைத்துவிடுவதில்லையா என்று எனக்கும் நியாயமாகவே பட்டது. நீங்கள் ஊற்றியிருந்ததை வடித்துவிட்டு, கடையில் இருந்ததிலேயே கெட்டியான ஆயிலை வாங்கி ஊற்றினேன், மறுநாள் சத்தம் இரட்டிப்பு. சரி, குளிர்தான் ஆகவில்லை போலிருக்கிறது என்று உங்கள் தலைதீபாவளிக்கு வாங்கின ஜமக்காளத்தைப் பானெட் மேல் போர்த்தினேன், பால்காரி தேசம்மா வந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தாள், உங்கள் மாமியார் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள், கார் எதற்கும் மசியவில்லை.

கடைசியில் மெக்கானிக் குப்பனைக் கூப்பிட்டேன். அவன் பானெட்டைத் திறக்காமலே, "இன்ஜினை கீய எறக்கணும் நைனா. உள்ள இன்னா கீதுன்னு பாத்தாத்தானே தெரியும்?" என்றான். சம்பந்தி வந்து இறங்குகிற நேரத்தில் மாப்பிள்ளை கார் இன்ஜின் வாசலில் கோணி மேல் கிடந்தால் நன்றாகவா இருக்கும்?

அந்தச் சமயம் பார்த்து உங்கள் மாமியார் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. "மார்கழி வந்தா இது ஒறைஞ்சுண்டு பிராணனை வாங்கறது. நல்லெண்ணெய்க்கு இந்த வம்பே கெடையாது" என்றாள். மாப்பிள்ளை, விளங்கிவிட்டது! ராத்திரியெல்லாம் அடியில் தங்கின கெட்டி ஆயில் குளிரில் மேலே ஏற மாட்டாமல் முனகுகிறது, அது போய்ச் சேரும்வரை மேலே இருக்கிற இரும்பெல்லாம் வறட்டு வறட்டென்று முட்டிக்கொண்டு கத்துகிறது. உடனே குப்பனை இழுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு மோட்டார் சாமான் கடைக்கு ஓடி, குளிரில் இளகியும் சூட்டில் நீர்க்காமலும் இருக்கிற ஆயிலாகக் கேட்டு வாங்கி மாற்றினோம். இன்று காலை சாவியைத் திருகினால், சத்தமே இல்லை! ஓடுகிறதா இல்லையா என்று நான் இறங்கிப் போய்ப் பானெட்டில் காதை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் உங்கள் மாமியாரும் ஒரு வேலையும் இல்லாமல் லஸ் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினோம், அவள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

உங்கள் பெற்றோர் இன்று சாயங்காலம் வருகிறார்கள். இனி எனக்கு ஒரு கவலையும் இல்லை. பார்த்தசாரதி கிருபையால் உங்களுக்குச் சகல மங்களமும் உண்டாகட்டும், உங்கள் கார் எந்நாளும் வாய் திறவாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோதண்டபாணி

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் ஏகாதசியும் விடிந்துவிட்டது. உங்கள் பெற்றோரைப் பின்ஸீட்டில் உட்கார வைத்து, பெருமையாகச் சாவியைத் திருகினேன். உங்கள் அப்பா சற்று நேரம் காத்திருந்துவிட்டு, "சத்தம் எங்கே?" என்றார். எந்தச் சத்தம் என்றேன். "வாங்கின நாள்லேர்ந்து மார்கழி பொறந்தா அது கத்தித்தான் எங்க தெருவே எழுந்துக்கும். இது கிரீஷ் கார் இன்ஜினே இல்லை ஓய், மாத்திட்டேள்!" என்றார். மாடிப்படியிலிருந்து மாணிக்கவாசகம், எனக்கு உதவுவதாக நினைத்து, "மெக்கானிக் கூட இன்ஜினை இறக்கணும்னுதான் சொன்னான் சார்" என்றார். உங்கள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். பழைய சத்தத்தைக் காதால் கேட்கும்வரை இருவரும் இங்கிருந்து நகர்வதில்லை என்று பெட்டியைப் பிரித்து அடுக்கிவிட்டார்கள். மேலே எழுதினதையெல்லாம் மறந்துவிட்டு, நீங்கள் முன்னே ஊற்றியிருந்தது எந்த ஆயில் என்று மட்டும் உடனே தந்தி அடிக்கவும்.