வடிவுக்கோழியின் படமும் சங்கத்தின் வருத்தமும்

ஒரு காட்டில் ராஜா கிடையாது, குடியிருப்போர் நலச்சங்கம்தான் இருந்தது. சிங்கமாவது பசித்தால்தான் தொந்தரவு செய்யும். சங்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை.

ஓடைக்கரையில் நின்ற பெரிய அத்திமரம்தான் குடியிருப்பு. அதன் உரிமையாளர் பூதத்தான் என்ற கரடி. மரத்தை அவர் நடவில்லை, வாங்கவும் இல்லை. அதனடியில் நீண்ட காலம் குறட்டை விட்டதால் அது அவருடையதாகிவிட்டது. பொந்துகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்துவந்தார். நிர்வாகம் முழுவதும் செல்லையா என்ற குரங்கின் கையில். சுற்றுலா வந்தவர்கள் செல்லையாவைக் கண்டு போட்டுவிட்டு ஓடிய செல்போன்களை, எல்லாக் குடித்தனத்துக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்து ஒரு குழுவும் தொடங்கியிருந்தான். அதற்கு ‘நம்ம அத்திமரம் குடும்பம்’ என்று பெயர். விடிந்ததும் மயில் முயலுக்குக் காலை வணக்கம் அனுப்பும், முயல் மைனாவுக்கு அனுப்பும். நேரில் பார்த்தால் மூன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்.

இங்கேதான் வடிவு என்ற காட்டுக்கோழி வீடு பார்க்க வந்தாள். போன தடவை அவள் இட்ட முட்டைகளை ஒரு காட்டுப்பூனை தின்றுவிட்டது. மீசையில் மஞ்சள் கரு ஒட்டியிருக்க அது நடந்துபோனதைப் புதருக்குள் ஒளிந்திருந்து பார்த்தவள் அவள். அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துவிட்டு உயிரோடு இருப்பதும் அவள் ஒருத்திதான்.

“வேர்ப் பொந்து போதும் அண்ணாச்சி. நான் இங்க இருக்கிறது வெளிய ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அது ஒண்ணுதான் கேக்கேன்,” என்றாள்.

“நாங்க யாரு விஷயத்துலயும் தலையிட மாட்டோம்மா,” என்றார் கரடி. உடனே, “ஆமா, வீட்டுக்காரர் எங்க? ஏன் கூட வரல? எத்தனை முட்டை போடுறதா உத்தேசம்?” என்று கேட்டார்.

வடிவு குடிவந்தாள். ஐந்து முட்டையிட்டு அடை உட்கார்ந்தாள். இரை எடுக்க வெளியே போனாலும் ஓட்டமாகப் போய் ஓட்டமாகத் திரும்புவாள். ஒரு நாள் மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் பொந்துக்குள் ஒரு கை நீண்டது. கையில் செல்போன். பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

சிறகில் ஒட்டிய தூசியைத் தட்டுவதற்குள் படம் குழுவில் வந்துவிட்டது. ‘நம்ம குடும்பத்தின் புதிய வரவு! வடக்குப் பக்கம் வேர்ப் பொந்தில் வடிவு அக்காவும் ஐந்து முத்துகளும்! பக்கத்துப் பொந்து காலியாக உள்ளது, அணுகவும்.’

வடிவு பதறிப்போய்ச் செல்லையாவைப் பிடித்தாள். “தம்பி, அந்தப் படத்தை எடுத்துருப்பா.”

“ஏன்க்கா? நல்லாத்தானே விழுந்திருக்கீங்க?”

“நல்லா இருக்குன்னு இல்லப்பா. யாரும் பார்க்கக் கூடாதுன்னுதானே குடிவந்தேன்?”

“இது நம்ம குரூப்புக்கா. வெளிய எப்படிப் போகும்?” என்றான் செல்லையா. அந்தக் குழுவில் இருந்த கிளிக்கு மட்டுமே இன்னும் பல குழுக்களில் சொந்தம் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை.

வடிவு சங்கக் கூட்டத்தில் முறையிட்டாள். “என் படம் என்னக்கா பாவம் பண்ணுச்சு, அதைப் போடவே மாட்டேங்குறான். நீ போட்டதை எடுக்கச் சொல்லுத,” என்று மயில் நொடித்தது. மறைக்கிறவர்களிடம்தான் ஏதோ கோளாறு இருக்கும் என்று முயல் பொதுவாகச் சொல்லிவைத்தது. வடிவுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதாள். “போன தடவை ஒரு ஓடுகூட மிஞ்சல. இந்தத் தடவையும் போச்சுன்னா நான் எதுக்கு உயிரோட இருக்கணும்?”

கரடிக்கு மனசு இளகிவிட்டது. இளகிய மனசுடன் முடிவெடுப்பவர்களைக் கண்டு நாம்தான் பயப்பட வேண்டும். “தப்பு நடந்துபோச்சு. சங்கம் பகிரங்கமா வருத்தம் தெரிவிக்கும்,” என்றார்.

மறுநாள் காட்டிலுள்ள எல்லா உயிர்களும் தண்ணீர் குடிக்கும் ஓடைத்துறையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் எழுந்து நின்றது. நடுவில் யானை உயரத்துக்கு வடிவு, அடியில் ஐந்து முட்டைகள். ‘வேர்ப் பொந்து, வடக்குப் பக்கத்தில் வசிக்கும் எங்கள் அன்புச் சகோதரி வடிவு அவர்களின் இந்தப் படத்தை, அவரது அனுமதியின்றி வெளியிட்டமைக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறோம்.’ மேல் மூலையில் கறுப்புக் கண்ணாடி அணிந்து கும்பிடும் பூதத்தான். கீழே வட்ட வட்டமாகச் சங்க நிர்வாகிகளின் முகங்கள். வாழ்த்து பேனருக்கு அடித்த அச்சையே எடுத்துத் திருத்தியதால் ஓரத்தில் இரண்டு பட்டாசுகளும் வெடித்துக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலமே காட்டுப்பூனை வீடு கேட்டு வந்தது. வந்தார் என்றே சொல்லிவிடுகிறேன், கதை சொல்கிறவனுக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

“பேனர் பார்த்தேன். தப்பு பண்ணா மன்னிப்பு கேக்கிற இடம், இந்தக் காலத்துல எங்க கிடைக்கும்? அந்தப் பொண்ணுக்குப் பக்கத்துப் பொந்து காலியாமே?” என்றார்.

“சாப்பாடு எப்படி சார்?” என்று கேட்டார் கரடி.

“சுத்த சைவம்.”

“ரொம்ப சந்தோஷம்.”

வடிவு வேர் இடுக்கில் எட்டிப் பார்த்தாள். அதே முகம், அதே மீசை. “அண்ணாச்சி, இவன்தான்! என் பிள்ளைங்களைத் தின்னவன் இவன்தான்!” என்று அலறினாள்.

“சும்மா ஒருத்தர்மேல பழி போடக் கூடாதும்மா. எவ்வளவு டீசன்ட்டா வணக்கம் வச்சாரு, பாத்தியா?” என்றார் கரடி.

செல்லையா வழக்கம்போலக் கையை நீட்டினான். வெளிச்சம் பளிச்சிட்டது. பூனையார் குரலை உயர்த்தவில்லை. மேலுதட்டை மட்டும் கொஞ்சம் தூக்கினார்.

“அழி.”

“அழிச்சிட்டேன் சார். குப்பைத்தொட்டிக்குள்ள கிடந்ததையும் அழிச்சிட்டேன் சார். நான் பார்த்ததையும் மறந்துட்டேன் சார்,” என்றான் செல்லையா. இத்தனையும் ஒரே மூச்சில்.

வடிவு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்ட படத்தை அழிக்க முடியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. முகம் தெரிந்துவிட்ட பூனைக்குக் காட்டில் இரை கிடைக்காது. தன்னைவிட அவன்தான் படத்துக்குப் பயப்படுகிறவன்.

கரடி கொட்டாவி விட்டபடி அந்தப் பக்கம் போனதும் பூனையார் வேர்ப் பொந்தை நோக்கிப் பதுங்கி வந்தார். காப்பாற்றுங்கள் என்று கத்தினால் அந்த மரத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அது வடிவுக்குத் தெரியும். அவள் வேறு மாதிரி கத்தினாள்.

“எல்லாரும் ஓடி வாங்க! புதுசா வந்த சாரோட குரூப் போட்டோ!”

மரமே இறங்கி வந்தது. மயில் தோகையை விரித்துக்கொண்டு நடுவில் நின்றது. மைனாக்கள் பூனையார் முதுகில் உட்கார்ந்தன. முயல் உதட்டைக் குவித்துக்கொண்டு அவர் கழுத்தில் கை போட்டது. “சார், கொஞ்சம் சிரிங்க!” “சார், இந்தப் பக்கம்!” “சார், கண்ண மூடிட்டீங்க, இன்னொண்ணு!” அவர் ஒரு செல்போனைப் பார்த்து உறுமினால் மறுபக்கம் பத்து மின்னின. வாலால் முகத்தை மூடிப் பார்த்தார். பிறகு முயலை உதறிவிட்டு ஓடையைத் தாண்டிப் பாய்ந்தார். அவர் அக்கரை சேரும் முன்பே அவர் முகத்தைக் கிளி எல்லாக் குழுக்களிலும் சேர்த்துவிட்டது.

வடிவு முட்டைகளை ஒவ்வொன்றாக அலகால் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

அன்றே அவசரக் கூட்டம் நடந்தது. பூதத்தான் கொதித்துப்போயிருந்தார். “குடியிருக்க வந்த மனுஷரை அவரு சம்மதம் இல்லாம படம் எடுக்கிறதா? தனியுரிமைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?” இனிமேல் அனுமதி இல்லாமல் யாரும் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. அதன்படி முதல் குற்றவாளி வடிவு. முட்டை பொரித்ததும் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அதுவரை இருக்கவிட்டது சங்கத்தின் பெருந்தன்மை என்று குழுவில் போட்டார்கள். கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன.

குஞ்சுகள் ஐந்தும் ஒரே காலையில் பொரிந்தன. ஈரம் காய்ந்ததும் அம்மாவின் பின்னால் தத்தித் தத்தி நடந்தன. வடிவுக்கு அத்தனை சந்தோஷம். ஒரு வீட்டைக் காலி செய்யும்போது அவள் இப்படித் தலைநிமிர்ந்து நடந்ததே இல்லை.

செல்லையா மூச்சிரைக்க ஓடிவந்து வழியை மறித்தான். “அக்கா, அப்படியே நில்லுங்க. குஞ்செல்லாம் சேர்த்து ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிடுதேன்.”

“கூடாதுன்னு தீர்மானம் போட்டீங்களேப்பா?”

“அது சார் மாதிரி ஆளுங்களுக்குக்கா. நீங்க நம்ம குடும்பம்.”

அவன் செல்போனை உயர்த்தினான். வடிவு பறந்து எழும்பி, அவன் மூக்கின் நுனியில் ஒரே கொத்தாகக் கொத்தினாள்.

செல்லையா மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மறு கையால் அவளுடைய படங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் அழித்துக் காட்டினான். பிறகு நிஜமான மனவருத்தத்துடன் கேட்டான்:

“என்னக்கா நீங்க? வேண்டாம்னா வேண்டாம்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

நீதி: உங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்பதைப் பணிவாகவும் தெளிவாகவும், முதல் தடவையே மூக்கில் சொல்லிவிடுங்கள்.