பெரிய ஊசிக்குப் பதவி நீட்டிப்பு இல்லை

மர்பி டவுன், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை, சிற்றுண்டிக்குப் பின்

மரியாதைக்குரிய மச்சான் பச்சைமுத்து அவர்களுக்கு,

கோதண்டராமன் இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் கிருஷ்ணகிரியில் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்றும், தங்கள் மருந்துக் கடையில் வியாபாரம் சுறுசுறுப்பாக நடக்க வேண்டும் என்றும், ஆனால் ஊரில் யாருக்கும் நோய் வரக் கூடாது என்றும் பிரார்த்திக்கிறேன். பின்னிரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்பதை ஆண்டவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே தங்கள் தங்கை வேதநாயகி நலம். இந்த வரியைத் தாங்கள் இரண்டு முறை படித்துக்கொள்ளலாம். நேற்று நான் வாங்கி வந்த முற்றின முருங்கைக்காய்க்காக ஒரு முறையும், அதைத் திருப்பிக் கொடுக்கத் துப்பில்லாததற்காக இன்னொரு முறையும் என்னைத் திட்டினாள். மூச்சு வாங்கவில்லை. பூரண குணம் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

இதைப் போனில் சொன்னால் என்ன, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். என் நம்பரைத் தாங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். என் மகன் ஹரிஷ்குமாரின் நம்பரிலிருந்து கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டும் வெளியேறிவிட்டீர்கள், அதுவும் நான் காலை வணக்கம் போட்ட அடுத்த நொடியில். தபால்காரரை மட்டும் பிளாக் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை என்பதால் இந்தக் கடிதம். தங்கை ஐ.சி.யூ.வில் கிடந்தபோது தாங்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே நான் போனை வைத்துவிட்டேன் என்பதுதான் தங்கள் கோபம். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதான சௌதா தலைமைச் செயலகத்தில் காலம் தள்ளியவன் நான். விளக்கம் கேட்காமல் தண்டனை கொடுப்பது முறையல்ல என்பதால், தாங்கள் கேட்காத விளக்கத்தை நானே சமர்ப்பிக்கிறேன்.

அன்று காலை வேதாவுக்குக் குளிர் காய்ச்சல். கஷாயத்தில் போய்விடும் என்று இருவரும் நினைத்தோம். மத்தியானம் நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால், என்னை நிமிர்ந்து பார்த்து, "தேங்க்ஸ் சார், நீங்க யாரு?" என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் சார் என்று கூப்பிட்டதும் இல்லை, நன்றி சொன்னதும் இல்லை. ஹரிஷைக் கத்திக் கூப்பிட்டேன். அவன் ஆம்புலன்ஸை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் ஏறிவிட்டது, ரத்த அழுத்தம் அதளபாதாளத்தில் இருக்கிறது என்றார்கள். பரிசோதனைக்கு ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஊசி மருந்தை ஏற்றினார்கள். என்ன மருந்து என்று கேட்டுத் தங்களுக்குச் சொன்னேன். "மெரோபெனமா? அப்ப நிம்மதியா இருங்க மச்சான். அது ராஜா மாதிரி" என்றீர்கள். அன்றிலிருந்து பார்வை நேரத்தில் உள்ளே போகும்போதெல்லாம் நான் முதலில் அந்த மருந்து பாட்டிலைப் பார்த்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தங்கள் தங்கையைப் பார்ப்பேன். ராஜாவும் ஏமாற்றவில்லை. அழுத்தம் ஏறியது, காய்ச்சல் இறங்கியது, வேதா என்னை அடையாளம் கண்டு, ஷேவ் செய்யாமல் வந்ததற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு நாள் காலை போய்ப் பார்த்தால் ராஜாவைக் காணோம்! பாட்டிலில் வேறு பெயர். நான் அதை எழுத்துக் கூட்டித் தங்களுக்குப் போனில் வாசித்ததும், "செஃப்ட்ரியாக்சோனா?" என்று தாங்கள் போட்ட சத்தத்தில் வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். "அது எங்க கடைல தெனம் போற சரக்கு மச்சான்! காய்ச்சல்னு வர்றவனுக்கெல்லாம் எதிர்த்த கிளினிக்ல அதைத்தான் குத்துறாங்க! ஐ.சி.யூ.ல கெடக்குற என் தங்கச்சிக்கும் அதேவா? ஏமாத்துறாங்க, விடாதீங்க!" விடுவேனா? கேன்டீனில் உட்கார்ந்து ஒரு மனு தயாரித்தேன். பொருள்: சிறப்பாகப் பணியாற்றி வந்த மெரோபெனம் என்னும் மருந்தை, எவ்விதக் குற்றச்சாட்டும் விளக்கக் கோரிக்கையும் இன்றிப் பதவி நீக்கம் செய்து, அவ்விடத்தில் கீழ்நிலை மருந்து ஒன்றை அமர்த்தியது தொடர்பாக. கன்னடத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஹரிஷ் எட்டிப் பார்த்து, "அப்பா, ப்ளீஸ், இதைக் குடுக்காதீங்க" என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துபூர்வமான எதிர்ப்பின் அருமை தெரிவதில்லை.

ஐ.சி.யூ. டாக்டர் நிருபமா சின்ன வயசுப் பெண். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடும் ரகம். என் மனுவை நின்றபடியே கடைசி வரி வரை படித்தார். எனக்கே ஆச்சரியம், என் சர்வீஸில் என் மனுவை யாரும் முழுதாகப் படித்ததில்லை. "ஸ்வல்ப உக்காருங்க சார். ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. மொதல் நாள் என்ன கிருமின்னு எங்களுக்குத் தெரியாது. காத்திருக்க டைமும் இல்ல. அதான் எல்லாத்தையும் அடிக்கிற மருந்தாப் போட்டோம். இப்ப கிருமியை வளர்த்துப் பாக்கிற கல்ச்சர் ரிப்போர்ட் வந்தாச்சு. இன்ன கிருமின்னு தெரியும், இந்தச் சின்ன மருந்துக்கே சாகும்னும் தெரியும். ஆன்ட்டிக்கு பி.பி.யும் நிலைக்கு வந்துடுச்சு. அப்புறம் எதுக்கு சார் பெருசு?" என்றார். நான் விடவில்லை. "இருந்துட்டுப் போகட்டுமே டாக்டர், கூடப் போட்டா என்ன நஷ்டம்?" என்றேன். "ஆன்ட்டிக்குத்தான் நஷ்டம். வயித்துல இருக்கிற நல்ல கிருமியையும் அது அடிச்சிடும். தப்பிச்ச கெட்டது, அந்த மருந்தையே சமாளிக்கக் கத்துக்கும். நாளைக்கு ஆன்ட்டிக்கோ பக்கத்து பெட்காரருக்கோ நெஜமாவே பெருசு வேணும்போது அது வேலை செய்யாது. அதுக்கு மேல போடறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல சார்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், இந்த நியாயத்துக்கெல்லாம் நான் அசையவில்லை. நியாயத்துக்கு அசைகிறவனாக இருந்தால் செக்ஷன் ஆபீசராக ரிடையர் ஆகியிருக்க முடியுமா? என்னை வீழ்த்தியது அடுத்து அவர் எடுத்துக் காட்டிய ஒரு காகிதம். மச்சான், அந்த ஆஸ்பத்திரியில் பெரிய ஊசிகளுக்கென்று ஒரு கமிட்டி இருக்கிறது! எவரும் நினைத்த மாத்திரத்தில் எழுதிவிட முடியாது. ஏன் வேண்டும் என்று காரணம் எழுத வேண்டும், கமிட்டி டாக்டர் கையெழுத்திட வேண்டும், அந்த அனுமதியும் ரிப்போர்ட் வரும் வரைதான். அதற்கு மேல் நீட்டிக்கப் புதிதாகக் காரணம் காட்ட வேண்டும். அதாவது ராஜா என்று தாங்களும் நானும் கொண்டாடியது வெறும் தற்காலிக நியமனம். பதவி நீக்கமே நடக்கவில்லை. காலம் முடிந்தது, இறங்கிவிட்டது. என் வாழ்நாள் முழுக்க, காரணம் எழுதாமல் நீட்டிப்புக் கேட்டு வந்த எத்தனை கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! மந்திரி வீட்டிலிருந்து போன் வந்தபோதும் மசிந்தவனில்லை. டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீட்டிப்புக்கு என்ன காரணம் எழுதட்டும் சார்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். கிருஷ்ணகிரியில் மச்சான் பிரியப்படுகிறார் என்பதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சோதனை அன்று சாயங்காலமே வந்தது. வேதாவுக்கு மறுபடி காய்ச்சல். செய்தி தெரிந்ததும், தாங்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் பேசி, ஆம்புலன்ஸுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு, "கையெழுத்துப் போட்டு டிஸ்சார்ஜ் வாங்குங்க மச்சான், பெரிய ஊசி போடுற எடத்துக்குக் கொண்டுபோயிடலாம்" என்றீர்கள். பயந்துவிட்டேன் மச்சான். அவள் இல்லாத வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்றுகூட எனக்குத் தெரியாது. அதைவிட, தெரிந்துகொண்டு விளக்கைப் போட்டுத்தான் நான் யாரைப் பார்க்கப் போகிறேன்? டாக்டர் நிருபமா வந்தார். மருந்தைத் தொடவே இல்லை. உச்சி முதல் பாதம் வரை அவளைத் தடவித் தடவிப் பார்த்து, இடது கையில் ட்ரிப்ஸ் ஊசி குத்தியிருந்த இடத்தில் நின்றார். அங்கே சிவந்து வீங்கியிருந்தது. அந்த ஊசியை எடுத்துவிட்டு, ரத்தத்தை மறுபடி பரிசோதனைக்கு அனுப்பினார். "காய்ச்சல் வந்தா மருந்தை மாத்தறதுக்கு முன்னாடி காரணத்தைத் தேடணும் சார். விடிய விடியப் பாத்துட்டே இருப்போம். தேவைப்பட்டா நானே பெருசைப் போடுவேன், உங்க மனு இல்லாமலே" என்றார்.

தாங்கள் போன் ஸ்பீக்கரில் முழங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான். நான் வேதாவின் கட்டிலருகே பாறை மாதிரி நின்றேன். ஒரு பக்கம் தாங்கள், ஒரு பக்கம் டாக்டர், நடுவில் டிஸ்சார்ஜ் காகிதம். கை நடுங்காமல், குரல் தழதழக்காமல், "என் மனைவி இங்கேதான் இருப்பாள்" என்று பிரகடனம் செய்துவிட்டு, தங்கள் பேச்சைப் பாதியில் துண்டித்தேன். மரியாதைக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் காலையில் காய்ச்சல் போயே போய்விட்டது. தங்கள் கடையில் தினம் போகும் அதே சரக்குதான் தங்கள் தங்கையை வீட்டுக்கு அனுப்பியது. நிறுத்துவதாகச் சொன்ன நாளில் அதையும் நிறுத்திவிட்டார்கள். இதில் தங்களுக்குப் பெருமைதானே தவிரக் கோபத்துக்கு என்ன இருக்கிறது?

ஆகவே சமூகம் அவர்கள் மேற்கண்ட விளக்கத்தைப் பரிசீலித்து, என்மீதான தடையை நீக்கி, வீட்டுக்கு ஒரு நடை வந்து போகுமாறு வேண்டுகிறேன். அண்ணன் எட்டிப் பார்க்கவில்லை என்று வேதா வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கேட் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறாள். அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரப் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், இருமல் வந்தால் வெந்நீரோடும் வளர வேண்டும் என்று என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் கோபத்துக்கு முழுப் பாத்திரமான,
கோதண்டராமன்
(செக்ஷன் ஆபீசர், ஓய்வு)

பி.கு.: அண்ணா, நான் வேதா எழுதறேன். கவர்ல போட்டு ஒட்டச் சொல்லிக் குடுத்தார், படிச்சுட்டேன். அந்தப் பாறை, பிரகடனம் எல்லாம் சுத்தப் பொய். அன்னிக்கு சாயங்காலம் இவர் டிஸ்சார்ஜ் பேப்பர்ல கையெழுத்துப் போட்டே குடுத்துட்டார், கண்ணுல தாரை தாரையாத் தண்ணி. டாக்டரம்மா அதை வாங்கிட்டு நேரா எங்கிட்ட வந்து, "ஆன்ட்டி, நீங்க நல்ல நெனவோடதான் இருக்கீங்க. நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டாங்க. அத்தனை நாளா ராஜா மருந்து, கீழ்நிலை மருந்துன்னு நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்களே, என்னை ஒரு வார்த்தை யாராவது கேட்டீங்களா? நான் இங்கயே இருக்கேன், சின்ன ஊசியே போதும்னு சொல்லி அந்தப் பேப்பரைக் கிழிக்கச் சொன்னேன். நீ அப்பவும் கத்திக்கிட்டே இருந்தே. இவர் கையில போன் ஆடுது. எட்டி அந்தச் சிவப்பு பட்டனை அமுக்கினது நான்தான். உன் கோபம் எம்மேல திரும்பிடக் கூடாதுன்னு இந்த மனுஷன் பழியைத் தூக்கித் தன் தலையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். அவர் நம்பருக்குப் போட்ட பிளாக்கை எடுத்து விடு. கோவப்படணும்னா பஸ் ஏறி வந்து என்னைத் திட்டு. இப்ப நான் தாங்குவேன்.