மடியில் துருசுத் திறப்போடு பெண் பார்க்கப் போன கதை

ஒரு யானைக்குட்டியைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் நான். அதே நேரத்தில் பெண் பார்க்கவும் போயிருந்தேன். இரண்டையும் ஒன்றாகச் செய்ய ஒரு தனித் திறமை வேண்டும். இருபத்தெட்டு வயதில் அது என்னிடம் தாராளமாக இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சியில் புதிதாகப் பொறுப்பெடுத்த நீரியல் அதிகாரி நான். காட்டுக் குளங்களின் தண்ணீரில் வயலுக்கு எவ்வளவு, மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் எவ்வளவு என்று அளந்து பங்கிடுவது என் வேலை. (யானைகள் எவரும் எனக்கு விண்ணப்பம் எழுதியதில்லை. அதனால் அவர்களுடைய பங்கு கடைசியாகத்தான் ஞாபகம் வரும்.)

நாரைமடுக்குளம் அப்படிப்பட்ட ஒன்று. மேலே காடு, கீழே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வயல்கள். அந்த வருடம் சித்திரை மழை ஏமாற்றிவிட்டது. ஆடி மாதம் ஒரு காலை, குடியேற்றக்காரருக்காகப் பேசக் கனகம்மா என் கந்தோருக்கு வந்தார். புருஷன் போன பிறகு மூன்று ஏக்கரைத் தனியாகவே செய்பவர்.

"தம்பி, கதிர் தள்ளுற நேரம். இன்னும் ஒரு தண்ணி விட்டாக் காணும். இல்லாட்டி எங்களுக்கு வைக்கல்தான் மிஞ்சும்."

நான் அட்டவணையை விரித்தேன். குளத்து அளவுக்கட்டையில் ஆறடி நின்றது. துருசை, அதாவது வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மடைக் கதவை, மூன்று நாள் திறந்தால் நாலடியில் வந்து நிற்கும். அது மாரி மழைவரை மிருகங்களுக்குப் போதும். வயலும் பிழைக்கும், காடும் பிழைக்கும். எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

குளத்தில் எனக்காகக் காத்திருந்தவர் வனவிலங்குக் காவலாளி அந்தோனிப்பிள்ளை. முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்து வளர்ந்த மனிதர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கட்டையில ஆறடி நிக்குது, ஓம் ஐயா. ஆனா அடியில அரைவாசி சேறு. ஒரு நாள் விட்டுட்டுப் பாப்பம்."

"அந்தோனிப்பிள்ளை, இது அட்டவணை பாத்துப் போட்ட கணக்கு" என்றேன்.

அந்த அட்டவணை நான் பிறக்கமுன் தயாரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு முப்பது மாரி குளத்துக்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. (படித்த புத்தகத்தில் சேற்றுக்கென்று ஒரு முழு அத்தியாயமே இருந்தது. சோதனையில் அதிலிருந்து கேள்வி வரவில்லை.)

வெள்ளிக்கிழமை துருசைத் திறந்தேன். யாரும் கூட்டிக் குறைக்காமல் இருக்கச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். "திங்கட்கிழமை நானே வந்து சாத்துவன்" என்று சொல்லிவிட்டு, பூட்டுக்கு இருந்த ஒரே திறப்பையும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிறு காலை கொடிகாமத்தில் பெண் வீடு. அம்மாவும் மாமாவும் நானும் வாடகைக் காரில் போயிருந்தோம். ஒரு சாண் நீளமான அந்த இரும்புத் திறப்பை விட்டுவர மனமில்லாமல் வேட்டி மடியில் செருகியிருந்தேன். பெண்ணின் தகப்பன் தபாலதிபர், அளந்து பேசுகிறவர். வன்னியில் எந்தக் குளத்தில் எத்தனை வாளி தண்ணீர் கிடக்கிறது என்று எனக்கு இங்கிருந்தே தெரியும் என அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது படலையைத் திறந்துகொண்டு அந்தோனிப்பிள்ளை வந்தார். முழங்கால்வரை காய்ந்த சேறு. நான் எங்கே போனேன் என்று கந்தோர்ப் பியோனிடம் விசாரித்து, முதல் பஸ்ஸைப் பிடித்து ஆனையிறவு தாண்டி வந்திருக்கிறார்.

"ஐயா, திறப்பு உங்களிட்டையோ?"

"ஏன், என்ன?"

"குளம் வத்திப்போச்சு. நேற்றுப் பின்னேரம் தண்ணி தேடி இறங்கின யானைக்குட்டி ஒண்டு சேத்துக்க புதைஞ்சு நிக்குது. தாய் பக்கத்தில நிண்டு கத்துது. கிடக்கிற தண்ணியையும் விட்டா ஒரு சீவனும் மிஞ்சாது."

"பூட்டை உடைச்சிருக்கலாமே!"

"உடைச்சுப் பாத்தனான் ஐயா. பூட்டு உங்கட கணக்கை விடப் பலமாக் கிடக்கு."

திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. நான் பதறி எழும்பினேன். திறப்பு மடியிலிருந்து நழுவிச் சீமெந்துத் தரையில் 'ணங்' என்று விழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து பெண், யோகம், வெளியே வந்து அதை எடுத்தார். என்னிடம் தரவில்லை. நேரே அந்தோனிப்பிள்ளையின் கையில் கொடுத்தார். அந்தக் கூடத்தில் அன்று சரியாகக் கணக்குப் போட்டவர் அவர் ஒருவர்தான்.

அந்தக் காரிலேயே நானும் அந்தோனிப்பிள்ளையும் திரும்பினோம். குளத்தங்கரையில் இறங்கிப் பார்த்தேன். தண்ணீர் வடிந்த சேற்றில் மீன்கள் வாயைத் திறந்தபடி கிடந்தன. தண்ணீர் நடுவே நின்ற மரங்களில்தான் நாரைகள் கூடு கட்டியிருந்தன. இப்போது நரிகள் நடந்தே மரத்தடிக்குப் போயிருந்தன. கீழே விழுந்த குஞ்சுகளின் இறகுகள் மட்டும் மிச்சம். நடுவில், வயிறுவரை புதைந்து அந்தக் குட்டி. முப்பது மாரியின் சேற்றை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

துருசைச் சாத்தினோம். கனகம்மாவும் வயற்காரரும் கொப்புகளும் வைக்கல் கட்டுகளும் சுமந்து ஓடி வந்தார்கள். ஆட்களைக் கண்டு தாய் காட்டோரம் ஒதுங்கியது. ஆனால் போகவில்லை.

"ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ. கொப்பைப் பரப்பிப் பரப்பித்தான் போகவேணும்" என்றார் அந்தோனிப்பிள்ளை.

நான்தான் முதலில் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பெண் பார்க்கக் கட்டிய வெள்ளை வேட்டியோடு குட்டிக்குக் கையெட்டும் தூரம்வரை போய், கொப்பைத் தவறவிட்டு இடுப்புவரை இறங்கினேன். குட்டி என்னைத் திரும்பிப் பார்த்தது. கோபமில்லை, களைப்பு. கண்ணோரம் சேறு காய்ந்திருந்தது. அங்கே நின்றபடியே, பின்னாலிருந்து கை மாறி வந்த கொப்புகளையும் வைக்கலையும் அதன் முன்னங்காலடியில் தள்ளினேன். அது காலைத் தூக்கி வைத்தது. சறுக்கியது. மறுபடியும் வைத்தது. எத்தனை தரம் என்று எண்ணவில்லை. எண்ணும் பழக்கம் அதற்குள் விட்டுப்போயிருந்தது.

கடைசியில் ஒரு கால் ஊன்றியது. உடம்பை உதறி எழும்பி, சேறு சொட்டச் சொட்டத் தாயிடம் போய்ச் சேர்ந்தது.

குட்டி கரையேறிவிட்டது. அதிகாரி ஏறவில்லை. அந்தோனிப்பிள்ளை ஒரு பலகையைப் போட்டு, களப்புச் சேற்றில் செய்வதுபோலக் குப்புறப் படுத்து என்னை இழுத்தெடுத்தார். வேட்டி வரவில்லை. கனகம்மா ஒரு சாக்கைத் தூக்கி எறிந்தார்.

இரண்டு கிழமை கழித்து, தண்ணீர் தேடிய யானைகள் வாய்க்கால் வழியே இறங்கி விளைந்த வயலை மிதித்துப் போயின. கனகம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் குனிந்து முறிந்த கதிர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அதுகளின்ர தண்ணியைத்தானே எங்கட வயலுக்க விட்டனீங்கள் தம்பி. தேடி வந்திருக்குதுகள்" என்றார், நிமிராமலே.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேலதிகாரி இரக்கமுள்ளவர். "காவலாளி கவனிக்கேல்லை எண்டு ரெண்டு வரி எழுதும், விசயம் முடிஞ்சுது" என்றார். அன்றிரவு நித்திரையில்லை. காலையில், காவலாளி எச்சரித்ததையும் நான் கேளாததையும் எழுதிக் கையெழுத்திட்டேன். பதவி உயர்வு நாலு வருடம் பின்போனது. அந்த நாலு வருடமும் நீண்ட தடியோடு குளம் குளமாக இறங்கிச் சேற்றின் ஆழம் அளந்து, புது அட்டவணை எழுதினேன். அந்தோனிப்பிள்ளைதான் படகு வலித்தார்.

இதற்கிடையில் தபாலதிபர் என்னைப் பற்றி விசாரிக்க ஒருநாள் ரகசியமாக வந்திருக்கிறார். போயும் போயும் கனகம்மாவிடம் கேட்டிருக்கிறார். கனகம்மா சொன்னதைத் தன் வீட்டில் போய் அப்படியே ஒப்புவித்தாராம்:

"பெடியன் மடையன்தான். மடையைத் திறந்துபோட்டுப் பொம்பிளை பாக்கப் போனவனை வேற என்னெண்டு சொல்லுறது? ஆனா பொய் சொல்லமாட்டான். குடுக்கலாம்."

கொடுத்தார்கள். யோகத்தோடு நாற்பது வருடத்துக்கு மேலாயிற்று.

நான் ஓய்வு பெற்ற அன்று இலாகாவில் ஒரு பித்தளைத் தகடு தந்தார்கள். அதில் என் பதவியை மூன்று வரியில் ஆங்கிலத்தில் வெட்டியிருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பேத்தி எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "அம்மம்மா, இதுக்குத் தமிழில என்ன?" என்று கேட்டாள்.

யோகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று வரியையும் நிதானமாக வாசித்தார்.

"மடையன் எண்டு போட்டிருக்கு, பிள்ளை" என்றார்.